சாப்பிட்டுவிட்டு எழுதிய அறிக்கை

உதவித்தொகைப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு விதிகளைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். சுற்றறிக்கை வரும், படித்துக்கொள்வீர்கள். என் காலத்து விதிகளில் பாதிக்கு மேல் இன்று கிடையாது. ஆனால் ஒன்று மட்டும் மாறவில்லை. ஒரு மாணவன் உதவிக்குத் தகுதியானவனா இல்லையா என்று தீர்மானிக்க யாரோ ஓர் ஆள் ஒரு பேனாவோடு உட்கார்ந்திருக்கிறான். அந்த ஆளாக நான் இருந்தபோது என்ன செய்தேன் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

என் பிரிவுபசார விழாவில் இதை நான் சொல்லவில்லை. அன்று ஆளாளுக்கு என்னைப் புகழ்ந்தார்கள். "நேர்மையின் மறுபெயர்" என்றுகூட ஒருவர் பேசினார். நானும் கழுத்தில் மாலையோடு, கோயில் மாடு மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு கேட்டேன். வீட்டுக்கு வந்து மாலையைக் கழற்றும்போது கூசியது. அந்தக் கூச்சம்தான் என்னை இங்கே உட்காரவைத்து எழுதச் சொல்கிறது.

ஐம்பதுகளின் தொடக்கம். ராயபுரத்தில் ஓர் இண்டர்மீடியட் கல்லூரி. இரண்டே வருடப் படிப்பு. பட்டம் வேண்டுமென்றால் அதன்பிறகு பட்டணத்துக்குள் இருந்த பெரிய கல்லூரிகளுக்குப் போக வேண்டும். எங்களிடம் வந்தவர்கள் பெரும்பாலும் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர் மகன், கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டு தொழிலாளி மகன், குப்பங்களிலிருந்து வரும் மீனவப் பிள்ளைகள். நான் வந்தவாசிப் பக்கத்துக்காரன். இருபத்தாறு வயது. சலுகைப் பிரிவு குமாஸ்தா. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

கல்லூரிக்குக் கட்டும் பணத்தை அன்று "சம்பளம்" என்றுதான் சொல்வோம். அதைக் கட்ட முடியாதவர்களுக்கு எங்களிடம் மூன்று வழிகள் இருந்தன. ஒன்று அரசாங்கச் சலுகை. சில வகுப்பாருக்கு முழுச் சம்பளமும், சிலருக்குப் பாதியும் தள்ளுபடி. இரண்டாவது, கப்பல் சரக்கு வியாபாரி ஒருவர் எழுதிவைத்துவிட்டுப் போன தர்ம நிதி. அது கிடைத்துவிட்டால் மீதிச் சம்பளம், புத்தகம், பரீட்சைக் கட்டணம் எல்லாம் இரண்டு வருடத்துக்குக் கவலையில்லை. மூன்றாவது, எங்கள் ஆசிரியர்கள் தங்களுக்குள் போட்டுச் சேர்த்த ஏழை மாணவர் நிதி. சின்ன நிதிதான். அவசரத்துக்கு ஒரு தவணைச் சம்பளம் கட்ட உதவும். அதற்கான விண்ணப்பத் தாள்கள் என் மேஜை இழுப்பறையில் இருக்கும். இந்த மூன்றாவது வழியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தேவைப்பட்டபோது நான் அதை எடுத்துச் சொல்லவில்லை.

தர்ம நிதியை ஒரு கமிட்டி நடத்தியது. அதன் செயலாளர் ஓய்வு பெற்ற வக்கீல். அவரிடம் முந்தைய வருடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்ட கதை ஒன்று உண்டு. திருவொற்றியூர் மாணவன் ஒருவன் பரம ஏழை என்று கிராம முன்சீப் சான்றிதழ் கொடுத்திருந்தார். நானும் நம்பிப் பரிந்துரை செய்தேன். நிதியும் கிடைத்தது. இரண்டு மாதம் கழித்துச் செயலாளர் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். மாடி வீடு, வாசலில் வாழைமரம், நாதஸ்வரம், மூன்று பந்தி. பெண்ணின் தம்பி ஓடிவந்து அவர் மேல் பன்னீர் தெளித்திருக்கிறான். பார்த்தால், நம் பரம ஏழை.

மறுநாள் கமிட்டி மொத்தமும் உட்கார்ந்திருக்கும்போது அவர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். "ஏனய்யா, உம்ம ஊரில் ஏழைகள் எல்லாரும் வெள்ளிச் சொம்பில்தான் பன்னீர் தெளிப்பாங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது மடல் வரை சுட்டது. இனிமேல் சான்றிதழை நம்பாதே, வீட்டுக்கே போய்க் கண்ணால் பார்த்து எழுது என்று உத்தரவு. போகிற இடத்தில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்றும் சொன்னார். இன்னொரு தவறு நடந்தால் வேலை நிரந்தரமாவதைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும் என்றும் சேர்த்துக்கொண்டார். சூடு கண்ட பூனை ஆகிவிட்டேன். அதன்பிறகு யார் விண்ணப்பத்தை எடுத்தாலும் இவன் எங்கே மாடி வீட்டை ஒளித்துவைத்திருக்கிறான் என்றுதான் புத்தி போகும். எச்சரிக்கை வேறு, பயம் வேறு. அப்போது எனக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை.

அந்த வருடம் தேசப்பன் என்ற மாணவன் சேர்ந்தான். எண்ணூருக்கு அந்தப் பக்கம் முகத்துவாரக்குப்பம். அப்பா கடல் தொழில். அம்மா எல்லம்மா தலையில் கூடை வைத்து மீன் விற்பவர். எஸ்.எஸ்.எல்.சி.யில் நல்ல மதிப்பெண். அந்தக் குப்பத்திலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள். அரசாங்கம் பாதிச் சம்பளம் தள்ளுபடி செய்தது. மீதிப் பாதிக்குத் தர்ம நிதியில் விண்ணப்பித்திருந்தான். கிடைத்தால் படிப்பு, கிடைக்காவிட்டால் முதல் தவணையின் கடைசித் தேதியோடு பெயர் நீக்கம். அவனுக்குத் தெரிந்தவரை நடுவில் வேறு எதுவும் கிடையாது.

அப்பா கடலுக்குப் போய்விட்டால் பார்க்க முடியாதே என்று முன்கூட்டியே ஒரு கார்டு போட்டேன். "தங்கள் இல்லத்தை நேரில் பார்வையிட ஞாயிறன்று வருகிறேன். தகப்பனார் அவசியம் இருக்க வேண்டும்" என்று எழுதி, கீழே கல்லூரி முத்திரையும் குத்தினேன். மந்திரிதான் பார்வையிடுவார், மாதச் சம்பளக் குமாஸ்தாவுக்கு அந்த வார்த்தை தேவையா? அப்போது எழுதிப் பார்க்க அழகாக இருந்தது.

ரயிலில் எண்ணூர் இறங்கி மணலில் நடந்தேன். வெயில் என்றால் வெயில். செருப்புக்குள் மணல் புகுந்து சுட்டது. குடை பிடித்த கை மரத்துப்போனது. குப்பத்துக்குள் நுழையும்போதே பத்துப் பன்னிரண்டு பேர் காத்திருந்தார்கள். ஒரு பெரியவர் மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார். அதுவரை அங்கே முத்திரை குத்திய கடுதாசி வந்தால் அது வரியாக இருக்கும், அல்லது போலீஸாக இருக்கும். படிப்பு விஷயமாக ஒருவர் அவர்களைத் தேடி வந்தது அதுதான் முதல் தடவை. இதெல்லாம் பிற்பாடு எனக்குப் புரிந்தது. அன்று, நம்மைக் கண்டால் இவர்களுக்கு எவ்வளவு மரியாதை என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

கூரை வீடுதான். ஆனால் உள்ளே போனால் பிரம்பு பின்னிய நாற்காலி. சுவரில் பெண்டுலம் ஆடும் கடிகாரம். வரிசையாகத் தேய்த்து வைத்த பித்தளைக் குடங்கள். தரையில் புதுப் பாய். எல்லம்மா சரிகைக் கரைச் சேலையில் நின்றார். கழுத்தில் காசுமாலை.

"வா சார், குந்து சார். வெயில்ல இன்னா பாடு பட்டுக்கினு வந்துகீறே" என்று சொல்லிக்கொண்டே சோடா பாட்டிலை உடைத்துக் கையில் கொடுத்தார்.

தண்ணீர்கூடக் கூடாது என்ற உத்தரவு நினைவுக்கு வந்தது. தொண்டை வறண்டு கிடந்தது. குடித்துவிட்டேன். ஒரு வாய்க்கு மீறியவனுக்குப் பந்திக்கு மீறுவது கஷ்டமா? அடுத்துக் கொடுவா மீன் குழம்பும் வறுத்த இறாலும் வந்தன. மறுக்க முயன்றேன். தேசப்பனின் அப்பா எழுந்து நின்றுவிட்டார்.

"நம்ம வூட்டு வாசப்படி மெறிச்சிட்டு வெறும் வவுறா போனா, நாளைக்கி நான் எப்டி சார் மரம் தள்றது?"

கட்டுமரத்தைக் கடலில் இறக்குவதைத்தான் மரம் தள்ளுவது என்பார்கள். வந்தவரைப் பட்டினியாக அனுப்பிவிட்டுக் கடலுக்குப் போக அவர்களுக்கு மனசு வராது. உட்கார்ந்தேன். சும்மா சொல்லக் கூடாது, அந்தக் குழம்பின் ருசி இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. அதுவும் ஒரு தண்டனைதான்.

நான் செய்த முதல் தப்பு, சாப்பிட்டது அல்ல. சாப்பிட்டுக்கொண்டே விசாரித்தது. ரயிலுக்கு நேரமாகிவிடும் என்று இடது கையால் காகிதத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு கேட்டேன். "வீட்டில் கஷ்டம் உண்டா? கடன் உண்டா? சாப்பாட்டுக்குக் குறை உண்டா?"

விருந்தாளி வாயில் சோறு இருக்கும்போது எந்தத் தகப்பன் பஞ்சப்பாட்டுப் பாடுவான்? அவர் சிரித்தார். "கொறை இன்னா சார் கொறை? கடலம்மா கீறா. கை கால் கீது. நீ நல்லா பெசஞ்சி துன்னு."

நான் "குறையேதும் இல்லை எனத் தந்தையே ஒப்புக்கொண்டார்" என்று எழுதிக்கொண்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் பாத்திரங்களில் பெயர் வெட்டுவார்கள் அல்லவா? தண்ணீர் குடித்த சொம்பில் "செங்கேணி" என்று இருந்தது. சாப்பிட்ட தட்டில் "கு. பொன்னம்மா". கை கழுவத் தண்ணீர் எடுத்த குடத்தில் வேறு ஒரு பெயர். மூன்றையும் படித்தேன். எல்லம்மா என்ற பெயர் எதிலும் இல்லை. படிக்கத் தெரிந்தவன் என்று சொல்லித்தான் எனக்கு அந்த வேலையைக் கொடுத்திருந்தார்கள்.

தேசப்பன் கதவோரம் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். கிளம்பும்போது ரயில்நிலையம் வரை கூட வரவா என்று கேட்டான். ஏதோ சொல்ல விரும்பினான் என்று இப்போது தோன்றுகிறது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை அறிக்கை தயார். எங்கள் அலுவலகத்தில் பலராமன் என்று ஒரு தட்டச்சர் இருந்தான். கொருக்குப்பேட்டையிலேயே பிறந்து வளர்ந்தவன். என் வயது. அவனிடம் மட்டும் நான் சாப்பிட்ட கதையைச் சொன்னேன். சொல்லிவிட்டுக் கைப்பிரதியைக் கொடுத்தேன். "சுவர்க் கடிகாரம், நாற்காலி, ஏராளமான பித்தளைப் பாத்திரங்கள் உள்ளன. தாயார் பொன் நகை அணிந்திருந்தார். வசதியான குடும்பம். தகுதியில்லை." அவன் இரண்டு வரி அடித்துவிட்டு நிறுத்தினான்.

"இன்னா மாமு, மீன் கூட தூக்கற பொம்பள வூட்ல காசுமாலையா? சொம்புல யார் பேரு இருந்திச்சி?"

"செங்கேணின்னு யாரோ. எல்லம்மாவோட அம்மா பேரா இருக்கும்."

"தட்டுல?"

சொன்னேன்.

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "நம்ம பேட்டைக்கி ஒரு பெரிய மனுஷன் வரான்னா எங்க வூடும் அன்னிக்கி பங்களாதான், தெரிஞ்சிக்கோ. இன்னொரு தபா போய்ப் பாத்துட்டு வா நைனா. ஒரு புள்ள படிப்பு கீது இதுல."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் மறுபடி அந்த மணலில் யார் நடப்பது? போதாதற்குச் செயலாளரின் சிரிப்பு வேறு காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. "உன் வேலை அடிக்கிறது. அடி" என்றேன். அடித்துக் கொடுத்துவிட்டான்.

கமிட்டியில் செயலாளர் என் அறிக்கையைச் சத்தமாகப் படித்தார். "இதுதான் விசாரணை. இப்படித்தான் இருக்கணும்" என்றார். நான் பணிவாக நின்றேன். உள்ளுக்குள் குளிர்ந்துபோயிருந்தது.

பட்டியல் பலகையில் ஒட்டிய அன்று தேசப்பன் என் மேஜைக்கு வந்தான். "சார், என் பேரு இல்லயே" என்றான். நான் கோப்பைத் திறந்து காரணத்தைப் படித்துக் காட்டினேன். படிக்கப் படிக்க அவன் முகம் வெளுத்தது. கோபப்படுவான் என்று நினைத்தேன். அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான், பக்கத்து மேஜைக்குக் கேட்கக் கூடாது என்பதுபோல.

"நாக்காலி எண்ணூர் சவரக் கடையிது சார். கடியாரம் உப்பளத்து மேஸ்திரி வூட்லேர்ந்து வாங்கியாந்தது. அம்மா கழுத்துல இருந்தது மேஸ்திரி சம்சாரம் குட்த்தது. பாத்திரம்லாம் ஆளுக்கு ஒண்ணா குப்பத்துல எடுத்தாந்து குட்த்தாங்க. உங்க கார்டு வந்ததுலேர்ந்து ஒரு வாரம் அம்மாக்கு அதே வேல. எங்க வூட்ல கீறது ரெண்டு மண்சட்டி, ஒரு அலுமினியக் குண்டான். அப்பா மரம் ஒடஞ்சி ஒரு வருஷமாச்சி. வேற ஆள் மரத்துல கூலிக்கித்தான் போறாரு."

"அப்பவே சொல்லியிருக்கலாமே நீ?"

"அம்மா எதிர்ல எப்டி சார் சொல்றது? நீங்க துன்னுகினு இருந்தீங்க."

நான் கோப்பை மூடினேன்.

"நீங்க மாத்தி எழுதினா குடுப்பாங்களா சார்?"

"பார்க்கிறேன். எழுதிப் பார்க்கிறேன்" என்றேன். அவன் கும்பிட்டுவிட்டுப் போனான். என்னை நம்பினான்.

அன்று சாயங்காலமே எழுதினேன், பொய் சொல்லவில்லை. "என் அறிக்கை தவறு. நான் கண்டவை இரவல் பொருள்கள். மாணவன் முழுத் தகுதியுடையவன்" என்று எழுதினேன். அதோடு நின்றுவிட்டேன். ஏன் இரவல் வாங்கினார்கள் என்று செயலாளர் கேட்பார். உங்களை உபசரிக்க என்றால், என்ன உபசாரம் என்பார் வக்கீல். சோடாவிலிருந்து இறால் வரை வந்துதான் நிற்கும். விதி மீறிச் சாப்பிட்டவன், சாப்பிட்ட வீட்டுக்குச் சாதகமாக அறிக்கையை மாற்றுகிறான் என்றால் அதற்கு என்ன பெயர்? என் வேலை நிரந்தரமாகும் உத்தரவு அந்த மாதம்தான் வர வேண்டும். ஊரில் என் சம்பளத்தை நம்பி நாலு பேர். இந்தக் காரணங்களையெல்லாம் மதித்து என்னை மன்னித்துவிடாதீர்கள். அவன் வீட்டிலும் நாலு பேர்தான்.

கடிதத்தை இழுப்பறையில் வைத்தேன். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். அவன் மூன்று தடவை வந்து கேட்டான். மூன்று தடவையும் "கமிட்டி இன்னும் கூடவில்லை" என்றேன். இரண்டாவது தடவை கேட்டபோது கமிட்டி கூடி முடிந்திருந்தது.

ஏழை மாணவர் நிதியைச் சொன்னேனே, அதன் தாள்கள் அந்தக் கடிதத்துக்கு அடியிலேயே இருந்தன. ஒரு தாளை எடுத்து நீட்டியிருந்தால் முதல் தவணையைத் தாண்டியிருப்பான். அதற்கு வீட்டு விசாரணை கிடையாது. என் குறிப்பு ஒரு வரி போதும். ஆனால் ஒரு கோப்பில் வசதியானவன் என்று எழுதிய கை இன்னொரு கோப்பில் ஏழை என்று எழுதினால் யாராவது கேட்பார்களே? அவனுக்கு அப்படி ஒரு நிதி இருப்பதே தெரியாது. தெரிந்த ஒரே ஆள் நான். நான் வாயைத் திறக்கவில்லை.

கடைசித் தேதி போயிற்று. பதிவேட்டில் அவன் பெயர் மேல் சிவப்பு மையில் கோடு போட்டதும் நான்தான். அது என் வேலையின் ஒரு பகுதி. அந்த வாரமே என் நிரந்தர உத்தரவும் வந்தது. எல்லோருக்கும் மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். பலராமன் மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை.

"உண்ட வூட்டுக்கே ரெண்டகம் பண்ணிட்டியே மாமு" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அதன்பிறகு பல மாதம் வேலை விஷயம் தவிர என்னோடு பேசவில்லை.

தவறு எல்லோரும் செய்வோம், நீங்களும் செய்வீர்கள். கடிகாரத்தைப் பார்த்து ஏமாந்தது மடத்தனம். மடத்தனத்துக்கு மன்னிப்பு உண்டு. தெரிந்த பிறகு வாயை மூடிக்கொண்டிருந்தேனே, அது மடத்தனம் இல்லை. தகுதியில்லை என்று எழுதும்போது உங்கள் மனசில் ஓடுவது அந்தப் பிள்ளையின் வீடா, உங்கள் மேலதிகாரியின் முகமா என்று ஒரு நிமிடம் பாருங்கள். மேலதிகாரியின் முகம் தெரிந்தால் பேனாவைக் கீழே வையுங்கள். ஒரு வழி அடைத்துவிட்டால் அடுத்த வழியை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். கேட்கவில்லையே என்று இருக்காதீர்கள். எங்கே வழி இருக்கிறது என்று தெரியாதவன் எப்படிக் கேட்பான்?

அடுத்த வருடம் வீட்டு விசாரணையையே நிறுத்தும்படி எழுதினேன். ரயில் கட்டணமும் நேரமும் வீண் என்று காரணம் காட்டினேன். நல்ல காரியத்தைக்கூடப் பொய்க் காரணம் சொல்லித்தான் செய்தேன். என் தைரியம் அவ்வளவுதான்.

அதற்கு முன், அவன் பெயரை அடித்த அதே கல்வியாண்டில், பொங்கல் கழிந்து கல்லூரி திறந்திருந்தது. ஒரு முற்பகல் வேளையில் எல்லம்மா வந்தார். கூடையை வெளிக்கதவின் பக்கம் வைத்துவிட்டு, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, உள்ளே வரலாமா கூடாதா என்று நின்றார். வெளுத்துப்போன நூல் சேலை. கழுத்தில் மஞ்சள் கயிறு. எனக்கு எழுந்திருக்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

"தேசப்பன் அனுப்சிச்சி சார். ஆர்பர்ல வேலைக்கி எஸ்.எஸ்.எல்.சி. பொஸ்தவம் கேக்கறாங்களாம். உன்னாண்ட கீதாமே" என்று மடியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். துறைமுக வேலைக்குக் கேட்கும் அந்த மதிப்பெண் புத்தகம், அவன் சேரும்போது வாங்கி வைத்தது, எங்களிடம்தான் இருந்தது. அவருக்குப் படிக்கத் தெரியாது. நாலாக மடித்திருந்ததைப் பிரித்தேன். அழகான கையெழுத்து.

"ஐயா, என் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை அம்மாவிடம் கொடுத்தனுப்ப வேண்டுகிறேன். கல்லூரிப் பரீட்சையில் நான் தேறவில்லை, அதனால் நிறுத்திவிட்டார்கள் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். நீங்கள் வந்த அன்று நடந்ததுதான் காரணம் என்று தெரிந்தால் தாங்க மாட்டார்கள். தயவுசெய்து காட்டிக்கொடுக்க வேண்டாம். தங்கள் கீழ்ப்படிந்துள்ள, தேசப்பன்."

"இன்னா சார் எழுதிகீறான்?"

"புத்தகம் கேட்டிருக்கான் அம்மா."

பெட்டியைத் திறந்து புத்தகத்தைத் தேட நேரமெடுத்துக்கொண்டேன். அவர் பின்னாலேயே நின்று பேசிக்கொண்டிருந்தார்.

"கஸ்மாலம், அவனுக்குப் படிப்பு ஏறல சார். பள்ளிக்கூடத்துல நல்லாத்தான் படிச்சிகினு இருந்தான். காலேஜில வந்து என்னா பேஜாரு பண்ணானோ தெரியல. குப்பத்துல தல காட்ட முடியல. அத்தினி பேரும் கேக்கறாங்க, காலேஜு ஆபீசரே தேடி வந்தாரே, அவருக்காவது மருவாதி குடுத்துப் படிச்சிருக்கக் கூடாதான்னு. உண்டு இல்லைன்னு அவனத் திட்டித் தீத்துட்டேன். தல குனிஞ்சிகினு நிக்கிறான், ஒரு வார்த்த எதுத்துப் பேசல."

புத்தகம் கையில் கிடைத்துவிட்டது. இனித் திரும்பித்தான் ஆக வேண்டும். திரும்பினேன். சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. சொன்னால் அவர் உடைந்துபோவார். மகன் அதற்குத்தான் தன் மேல் பழியைப் போட்டுக்கொண்டிருக்கிறான். சொல்லாவிட்டால் அவன் வாங்கும் ஏச்சு என்னுடையது. எது சரி என்று அன்றும் எனக்குத் தெரியவில்லை, இந்த வயதிலும் தெரியவில்லை. என் கோழைத்தனத்துக்கு அவனுடைய கடிதம் வசதியாகப் போய்விட்டது என்பது மட்டும் தெரியும்.

அவர் புத்தகத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மடியில் செருகினார். போகவில்லை.

"அம்மாந்தூரம் வெயில்ல நடந்து வந்தே சார் நீ, எங்கள மனுசனா மதிச்சி. அதுக்கு அவன் இப்டிப் பண்ணிட்டான். மன்சுல வச்சிக்காத. மன்னிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லு, நான் போறேன்."

இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். தட்டச்சு இயந்திரத்தின் சத்தம் நின்றிருந்தது. பலராமன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மன்னிச்சேன் அம்மா" என்றேன்.